பாஸ்டர் ஐயா, பஞ்சம்னு சொல்லிட்டு நிறுத்திராதீங்க

பாஸ்டர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு பிரசங்கத்துல, உலகம் பூரா அரிசி கோதுமை எண்ணெய் எல்லாம் விலை ஏறுது, இது மத்தேயு 24ல சொன்ன பஞ்சம், இயேசுவோட ரெண்டாம் வருகை சமீபம்னு சொன்னீங்க. வருகைய நானும் முழு மனசோட நம்புறேன் ஐயா. ஆனா அத சொல்லி முடிச்சு அப்படியே அடுத்த பாட்டுக்குப் போயிட்டோமே, அதுதான் மனசுல உறுத்திட்டே இருக்கு.

கரீபியன் கடல்ல இருக்கிற ஏழை நாடான ஹைத்திய எடுத்துக்கங்க. 1980கள் வரைக்கும் அவங்க சாப்பிட்ட அரிசியில பெரும்பங்கு அவங்களே விளைய வச்சதுதான். 1995ல நாடுகளுக்குக் கடன் கொடுக்கிற ஐஎம்எஃப்பும் (சர்வதேச நாணய நிதியம்) அமெரிக்காவும் நெருக்கி, வெளிநாட்டு அரிசிக்கு இருந்த வரிய வெறும் 3 சதவீதத்துக்கு இறக்க வச்சாங்க, அமெரிக்க மானியத்துல விளைஞ்ச மலிவு அரிசி வந்து குவிஞ்சுது, அங்க இருந்த விவசாயி நெல்ல விட்டுட்டு பட்டணத்துக்குப் போயிட்டான். அப்புறம் 2008. நம்ம இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதிய இறுக்க, வாங்குற நாடெல்லாம் பயந்துபோய் வாங்கிக் குவிக்க, 400 டாலருக்குள்ள இருந்த தாய்லாந்து அரிசி சில மாசத்துலயே டன் 1000 டாலரத் தாண்டுச்சு. அந்த வருஷம் உலகத்துல நெல் நல்லாத்தான் விளைஞ்சுது ஐயா! ஹைத்தியில ஏழை ஜனங்க களிமண்ணுல உப்பும் கொழுப்பும் பிசைஞ்சு வெயில்ல காயவச்சுத் தின்னாங்க. ஏப்ரல்ல கலவரம் வந்து பிரதமர் பதவி போச்சு. 2010ல, வரிய இறக்கினப்போ அமெரிக்க ஜனாதிபதியா இருந்த பில் கிளிண்டனே அமெரிக்க செனட் கமிட்டி முன்னாடி, அந்த வரிக் குறைப்பு தன்னோட மாநிலமான ஆர்கன்சா விவசாயிகள் சிலருக்கு நல்லதா இருந்திருக்கலாம், ஆனா அது தப்புன்னு ஒத்துக்கிட்டார்.

இத எப்படி ஐயா வானத்துல இருந்து வந்த பஞ்சம்னு சொல்றது? வெளிப்படுத்தல் 6ல கருப்புக் குதிரை வர்ற இடத்தப் பாருங்க, ஒரு நாள் கூலிக்கு ஒரு படி கோதுமை, ஆனா எண்ணெயும் திராட்சரசமும் சேதமாகக் கூடாதுன்னு சத்தம் கேக்குது. கோதுமையே இல்லன்னு அங்க எழுதல, கூலிக்காரனுக்கு எட்டாத விலைன்னுதான் இருக்கு. ஆமோஸ் 8ல மரக்காலக் குறைச்சு பதர விக்கிறவங்களப் பார்த்து, இத ஒருநாளும் மறக்கமாட்டேன்னு கர்த்தர் ஆணையிடுறாரே.

இன்னொண்ணு. மத்தேயு 24 முடிஞ்சா 25. "பசியாயிருந்தேன்"னு ஆண்டவர் சொல்றது அங்கதான், ரெண்டும் ஒலிவமலையில ஒரே இருப்புல பேசினது. அடுத்த தடவ ரெண்டையும் சேர்த்தே வாசிங்க ஐயா, ப்ளீஸ்.

நம்ம சபை அம்மாமார் ஒவ்வொரு உலைக்கும் எடுத்து வைக்கிற பிடியரிசி ஏலத்துக்குப் போய் கட்டட நிதியில சேருது. இந்த வருஷம் ஏலம் வேண்டாம், ரேஷன் கார்டு இல்லாம செங்கச் சூளையில வேலை பாக்குற குடும்பங்களுக்கு அப்படியே கொடுத்துரலாம்னு கமிட்டியில நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, மூட்டை தூக்க வாலிபர் சங்கத்துப் பசங்கள நான் கூட்டிட்டு வரேன்.