இறந்த வீரரின் மகளுக்கும் 60 சதவீதமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. ஆகையால் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் என்றால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிளஸ் டூ படிக்கும்போது அவள் அப்பா சிக்கிமில் பணியில் இருந்தார். டிசம்பரில் ராணுவ வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து இறந்துபோனார். மார்ச்சில் பொதுத்தேர்வு. அழுதுகொண்டே படித்து 600க்கு 344 எடுத்தாள், பி.சி.ஏ. சேர்ந்தாள். முன்னாள் படைவீரர்கள், இறந்த படைவீரர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தரும் பிரதமரின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். குறைந்தது 60 சதவீதம் வேண்டும், அதாவது 360. “இன்னும் பதினாறு மார்க் எடுத்திருந்தா கெடச்சிருக்குமாண்ணா?” என்று அவள் அம்மா கேட்டார். ஆமாம்மா என்றேன், வேறென்ன சொல்வது?

இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 5,500 பேருக்கு, மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500 ரூபாய் தருகிறார்கள். முன்னுரிமை வரிசையும் நியாயமாகவே இருக்கிறது. போரில் உயிர்நீத்தவர்கள், போரில் ஊனமடைந்து வெளியேறியவர்கள், பணி காரணமாக இறந்தவர்கள், பணி காரணமாக ஊனமடைந்தவர்கள், வீரப்பதக்கம் பெற்றவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் முதல் ஐந்து பிரிவு. அப்புறம்தான் என்னைப் போன்றவர்களின் குடும்பங்கள். ஆனால் அந்த வரிசையில் நிற்கவே முதலில் 60 சதவீதம் வேண்டும்.

என் மகன் நல்ல மதிப்பெண் வாங்கினான், ஆறாவது பிரிவில் அவனுக்கு இந்த உதவித்தொகை கிடைத்தது. பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு அப்பன் இருந்தேன். உயிரோடு திரும்பியவன் பிள்ளைக்குக் கிடைத்தது, திரும்பாதவர் மகளுக்குக் கிடைக்கவில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு விஷயம், படிப்பு. பி.இ., எம்.பி.பி.எஸ்., பி.எட். மாதிரி தொழிற்படிப்புகளுக்குத்தான் இந்தத் தொகை. என்னோடு பணியாற்றிய நண்பர் கண்ணிவெடியில் ஒரு கால் இழந்தவர். அவர் மகன் வாத்தியாராக வேண்டும் என்று பி.ஏ. வரலாறு படிக்கிறான். பி.எட். சேர்ந்தால் கேட்கலாம், சரி. அதுவரை மூன்று வருடம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வான்? கல்விக் கட்டணச் சலுகை தனியாக இருக்கிறதே என்பார்கள். வீட்டில் கை கடிக்கும் அன்றாடச் செலவுக்கு மாதாமாதம் வரும் பணம்தான் உதவும்.

விதியை மாற்ற முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். உயிர்நீத்த, ஊனமடைந்த வீரர்களின் பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகைக்கு 2017இல் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2018 மார்ச்சில் அதை நீக்கினார்கள். அப்போது முடிந்தது இப்போதும் முடியும்.

முதல் நான்கு பிரிவினருக்கு மட்டும், பாஸ் ஆகிக் கல்லூரியில் சேர்ந்தாலே போதும், எந்தப் பட்டப்படிப்பாக இருந்தாலும் சரி என்று மாற்றட்டும். ஆறாவது பிரிவில் அதனால் சில இடங்கள் குறைந்தால் குறையட்டும். ஓய்வு பெற்ற எங்களில் யாரும் அதற்கு முகம் சுளிக்கமாட்டோம். நம் எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே பாதுகாப்புத் துறை அமைச்சரிடம் இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்.