கோடு போட்ட பிட்டுகள்

புதுச்சேரி,
ஐப்பசி அடைமழை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலிதான் மழையோடு சேர்ந்து வந்துவிட்டது. அங்கே கெடிலத்தில் தண்ணீர் ஏறியிருக்கும். ஒர்க்ஷாப்பில் போர்டுகளைத் தரையில் அடுக்காதே.

பள்ளி மணி போர்டில் 9 மணிக்குப் பதில் 49 என்று வருகிறது, சிப் போலியாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். கடைக்காரரைத் திட்டும் முன் டேட்டாஷீட்டில் (சிப்பின் விவரத்தாள்) மணி ரெஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் மணி இருக்கும் எட்டு பிட் இடத்தைப் பார்டா. பிசிஎஃப்8563 கடிகாரச் சிப்பில் மணிக்கு ஆறு பிட்தான். வலமிருந்து 0, 1 என்று 7 வரை எண்ணு. 7, 6 இரண்டிலும் வெறும் கோடு. அங்கே உள்ளே ஒன்றும் கட்டவில்லை என்று பொருள். படித்தால் 0 வரலாம், 1-உம் வரலாம், இதுதான் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 6-ஆம் பிட்டில் 1 வந்தால் 00001001 என்பது 01001001 ஆகிவிடும். அதை பிசிடி-யாக, நாலு பிட்டுக்கு ஓர் இலக்கம் என்று பிரித்தால் உன் 49. இது விட்டுவிட்டு வரும் என்பதால்தான் மேசையில் சரியாக ஓடிய போர்டு பள்ளிக்கூடத்தில் போய்ச் சொதப்புகிறது.

படித்ததும் மாஸ்க் போடு, அதாவது மாஸ்க்கில் 1 உள்ள பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை 0 ஆக்கு. நிமிடத்துக்கு 01111111, மணிக்கும் தேதிக்கும் 00111111, கிழமைக்கு 00000111, மாதத்துக்கு 00011111. வருஷத்துக்கு எட்டு பிட்டும் வேண்டும். நொடியிலும் 7-ஆம் பிட்டைத் தள்ளத்தான் வேண்டும், ஆனால் பார்க்காமல் தள்ளாதே. அது காலி பிட் இல்லை, விஎல் என்ற வோல்டேஜ் எச்சரிக்கை பிட். அது 1 என்றால் இடையில் வோல்டேஜ் விழுந்திருக்கிறது, நேரத்தை நம்பாதே என்று சிப்பே சொல்கிறது. கரண்ட் போய்ப் போய் வரும் இந்த மாதங்களில் அதை முதலில் பார்த்து, 1 என்றால் மணி அடிக்காமல் "நேரம் வை" என்று காட்டச் சொல். நொடியைப் புதிதாக எழுதும்போது அந்த பிட்டில் 0 போட்டால் அழிந்துவிடும்.

அதே சிப்பின் கன்ட்ரோல் ரெஜிஸ்டர்களில் சில பிட்டுகளில் கோடு இல்லாமல் 0 என்று அச்சாகியிருக்கும். அது வேறு சங்கதி. அங்கே எழுதும்போது 0-தான் எழுத வேண்டும். டெஸ்ட் என்று பெயர் போட்ட பிட்டுகளும் உனக்கானவை இல்லை, சாதாரண ஓட்டத்தில் 0-ஆகவே இருக்கட்டும்.

இனி "படி, மாற்று, எழுது" பழக்கம். அப்படிச் செய்தால் தெரியாத பிட் எதுவும் கெடாது என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் சரி. இரண்டாம் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் 3-ஆம் பிட் அலாரக் கொடி, 2-ஆம் பிட் டைமர் கொடி. அலாரமோ டைமரோ அடித்தால் அதன் கொடி 1 ஆகும். 0 எழுதினால் கொடி இறங்கும், 1 எழுதினால் இருந்தபடி இருக்கும். நீ படிக்கும்போது டைமர் கொடி 0. எழுதப் போகும் இடைவெளியில் அது 1 ஆகிறது. நீ பழைய 0-வைத் திருப்பி எழுதுகிறாய், டைமர் அடித்த சுவடே இல்லாமல் போய்விடுகிறது. அலாரத்தை மட்டும் அழிக்க, அலார இன்டரப்ட் (புரோகிராமை இடைமறித்துக் கூப்பிடும் சிக்னல்) மட்டும் இயங்கும்படி வைத்திருந்தால், படிக்காமலே 00000110 எழுது.

ஏட்மெகா328பி மைக்ரோகன்ட்ரோலரில் இது தலைகீழ். டைமர் கொடி ரெஜிஸ்டரில் 1 எழுதினால்தான் கொடி அழியும். அங்கே படித்து, ஆர் செய்து (இருக்கிற 1-களோடு புது 1-ஐச் சேர்த்து) எழுதினால் அப்போது ஏறியிருந்த எல்லாக் கொடியும் போச்சு. ஆர் வேண்டாம், அழிக்க வேண்டிய ஒரே பிட்டை மட்டும் 1 ஆக்கி நேராக எழுது. மற்றபடி ரிசர்வ்டு (ஒதுக்கி வைத்த) பிட்டுகளில் 0 எழுதச் சொல்கிறது அந்த டேட்டாஷீட்.

அதற்காக எங்கும் 0 என்று வைத்துக்கொள்ளாதே. எல்ஐஎஸ்3டிஹெச் ஆக்ஸிலரோமீட்டரின் (அசைவை அளக்கும் சென்சார்) கன்ட்ரோல் ரெஜிஸ்டர் 0-வில் 7-ஆம் பிட் மட்டுமே நமக்கு, ஆனால் 4-ஆம் பிட் கட்டாயம் 1 ஆக இருக்க வேண்டும். புல்-அப்பை (பின்னை 1-இல் பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டர்) துண்டிக்க 10010000 எழுத வேண்டும், 10000000 இல்லை. ரிசர்வ்டு முகவரிகளில் எழுதினால் சிப் நிரந்தரமாகக் கெடலாம் என்றும் அதில் போட்டிருக்கிறார்கள். ஃபேக்டரி கேலிபரேஷன் எண்கள் உள்ளே இருப்பதால் அதை நான் வெறும் மிரட்டலாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏட்மெகாவின் ஃப்யூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்பு பிட்டுகள்) எழுதியதும் சரிபார்க்கையில் வரும் வெரிஃபை எரர் பற்றிக் கேட்டிருந்தாய். எக்ஸ்டெண்டட் ஃப்யூஸில் கீழ் மூன்று பிட்தான் பிரவுன்-அவுட்டுக்கு (வோல்டேஜ் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்வது). 2.7 வோல்ட்டுக்கு 101. நீ 00000101 எழுதினாய், திரும்பி 11111101 வந்தது. மேலே உள்ள ஐந்தும் காலி, 1 என்றே படிக்கும். 11111101 என்றே எழுதிவிடு, சண்டை தீர்ந்தது.

ரிசர்வ்டு பிட் காலியாகத்தானே இருக்கிறது, நம் கொடி ஒன்றை அங்கே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறாய் பார், அது புறம்போக்கில் குடிசை போடுகிற யோசனை. பெரியவர்களே போட்டிருக்கிறார்கள். 8086 பிராசஸரில் 0 முதல் 31 வரையான இன்டரப்ட் எண்களை இன்டெல் தனக்கென்று ஒதுக்கியது. 1981-இல் ஐபிஎம் பிசி அதற்குள்ளேயே 5-ஐ பிரிண்ட் ஸ்கிரீனுக்கும், 8-ஐ டைமருக்கும், 16-ஐ வீடியோவுக்கும் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் வந்த இன்டெல் 80286-இல் அதே எண்கள் பிழைகளுக்குப் போயின: 5 பவுண்ட் (எல்லை மீறல்) எக்ஸெப்ஷன், 8 டபுள் ஃபால்ட், 16 கோப்ராஸஸர் எரர். அதனால்தான் ப்ரொடெக்டட் மோடில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம்கள் 8259 என்ற இன்டரப்ட் கன்ட்ரோலர் சிப்பை மறுபடி நிரல்செய்து அதன் இன்டரப்டுகளை 32-க்கு அப்பால் தள்ள வேண்டியதாயிற்று. உன் கொடிக்கு ரேமில் ஒரு பைட் செலவழி.

எல்சிடி-யை எடுத்துவிட்டு ஓஎல்இடி மாட்டப் போகிறாய் அல்லவா? எல்சிடி-யை ஓட்டும் ஹெச்டி44780 சிப்பில் ஃபங்ஷன் செட் கட்டளையின் கடைசி இரண்டு பிட் நட்சத்திரக் குறி, எது எழுதினாலும் ஒன்றுதான். ஓஎல்இடி-யில் டபிள்யூஎஸ்0010 சிப் இருந்தால் அதே இரண்டு பிட்தான் எழுத்துரு அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும். பழைய புரோகிராமில் 00111011 என்று இருந்தால் 00111000 ஆக்கிவிட்டு மாட்டு. மாட்டியதும் எப்படி வந்தது என்று எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
மாப்ள