எரிபந்தம்: பழி விதைக்கு மட்டுமா?

ஆசிரியருக்கு,

காலபோக நெல்லின் இலையில் சாம்பல் நடுவும் கபில விளிம்புமாகக் கண் வடிவப் புள்ளி விழுந்ததும், விதை விற்றவரைத் திட்டுகிறோம். இந்த எரிபந்த நோயைத் தரும் பங்கசு (பூஞ்சை) அதைவிடக் கெட்டிக்காரன். அதன் கலச்சுவரிலிருந்து உதிரும் கைற்றின் என்னும் சுவர்ப்பொருளின் துணுக்குகளை வைத்தே நெற்பயிர் எதிரியை அடையாளம் காண்கிறது. பங்கசோ ஒரு புரதத்தைச் சுரந்து அத்துணுக்குகளைத் தானே பற்றிக்கொள்கிறது. பயிருக்குத் தகவல் சரியாகப் போய்ச் சேருவதில்லை. நோயை எதிர்க்கும் நெல் இனங்கள் பங்கசின் வேறு புரதங்களை இனங்காணும். அந்தப் புரதத்துக்கான மரபணுவையே மாற்றியோ கைவிட்டோ அங்கும் தப்பிவிடுகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் ஆண்டுதோறும் ஒரே இனத்தை விதைத்தால் அதற்குக் கொண்டாட்டம்தான். யூரியாவை அள்ளி வீசி நோயை வளர்ப்பது வேறு! எந்த இனம் எதிர்ப்பை இழந்துவிட்டது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே அதிகாரிகள் சொல்ல வேண்டும்.

விவசாயி ஒருவர்,
கிளிநொச்சி