முழங்கால் உயரத்தில் ஒரு வேலி

ஆசிரியருக்கு வணக்கம்.

பாய்மரப் படகு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சுற்றிலும் பாதுகாப்புக் கம்பி இருந்தே ஆக வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை அடித்துச் சொல்கிறது. 6 மீட்டர் படகோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிற எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

முதலில் உயரம். பாய்மரப் படகோட்டத்துக்கான உலக அமைப்பு வேர்ல்ட் செய்லிங். அதன் கடற்பந்தய விதிகளில் 8.5 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு 45 செ.மீ. உயரக் கம்பியே போதும். பெரிய படகுக்கு 60 செ.மீ. 45 என்றால் முழங்கால் மட்டம். படகு சாயும்போது நின்றுகொண்டிருப்பவரை அது எங்கே தாங்கும்? காலை வாரிவிட்டுத் தலைகுப்புறத் தள்ளும். தவழ்ந்து போகிறவருக்குத்தான் அது வேலி. (நான் தவழ்ந்துதான் போவேன். பார்க்க அழகாக இருக்காது.)

அப்புறம், கம்பியின் நிலைமை. என் படகில் வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி இருந்தது, பளிச்சென்று. ஒரு நாள் கரையோரம் கட்டியிருக்கும்போது, வாளியில் தண்ணீர் மொள்ளக் குனிந்தவன் முழங்காலை அதில் முட்டுக்கொடுத்தேன். கம்பி முனையில் பட்டென்று அறுந்துவிட்டது. நல்லவேளை, கடலுக்குள் போனது வாளி மட்டும். உறையைக் கத்தியால் கீறினால் உள்ளே இழையெல்லாம் செங்கல் நிறம். விரல் பட்டதும் உதிர்ந்தது. உறைக்குள் புகுந்த உப்புத்தண்ணீர் வெளியேற வழியில்லை. காற்றுப்படாத ஈரத்திலேயே கிடந்தால் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கத்தான் செய்யும். மேலே சொன்ன விதிகள் உறையில்லாத கம்பி கேட்பதும் இதனால்தான்.

சின்னப் படகில் ஆளைக் காப்பது மேல்தளத்தின் நடுவே, முன்னிருந்து பின்வரை இழுத்துக் கட்டிய நாடா. தட்டை நாடாவாக இருக்க வேண்டும்; உருண்டைக் கயிறு காலடியில் உருளும். மார்பில் அணிகிற பாதுகாப்புப் பட்டியிலிருந்து வரும் கயிற்றின் கொக்கியை அந்த நாடாவில் மாட்டிக்கொண்டு நகரலாம். கயிற்றின் நீளம்தான் விஷயமே. என் படகின் அகலம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 1 மீட்டர் கயிறு என்னை விளிம்போடு நிறுத்திவிடும். 2 மீட்டர் என்றால் படகோடு கட்டப்பட்டே தண்ணீரில் இழுபட வேண்டியதுதான். சிலர் கொக்கியைக் கொண்டுபோய்ப் பக்கக் கம்பியிலேயே மாட்டுகிறார்கள். என் வாளிக் கதை அவர்களுக்குத்தான்.

பட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1979-இல் பிரிட்டன், அயர்லாந்து பக்கக் கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைத் தாக்கிய புயலில் இறந்த 15 போட்டியாளர்களில் சிலரைப் பட்டியோ அதன் இணைப்போ கைவிட்டிருந்தது. தையலையும் கொக்கியையும் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பார்த்துவிடுகிறேன்.

கம்பியை நான் கழற்றி எறியவில்லை. உறையில்லாததாக மாற்றி, அதைத் தாங்கும் குத்துக்கால்களின் அடி போல்ட்டுகளை முடுக்கி வைத்திருக்கிறேன். இறக்கிய பாய் கடலில் சரிந்து விழாமல் பிடித்துக்கொள்ள அது நன்றாகவே உதவுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்