செயலாளர் ஆண்டறிக்கை: நம் ஊரில் பிறந்த மருந்து

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசனில் வாழும் தமிழர்களாகிய நம் சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டு மாதம் தவறாமல் கூடியது. விழாக்கள் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் மனதை அதிகம் பிடித்துக்கொண்ட வேலைக்கு நேராக வந்துவிடுகிறேன்.

நம் உறுப்பினர் ஒருவர் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போய், இடுப்பில் சின்ன பம்ப்போடு திரும்புவார். 46 மணி நேரம் அது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பும். புதன்கிழமை கழற்ற வேண்டும். கூட்டிப்போய் வரும் வேலையை நாம் முறைவைத்துச் செய்தோம். ஒருநாள் காரில் மருந்துப் பையின் சீட்டைக் காட்டி, "இந்த ஃப்ளூரோயுராசில் நம்ம யுனிவர்சிடியில பொறந்தது, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் இதே ஊரில் இருக்கிறேன்!

அதற்கப்புறம் மூன்று கூட்டங்களில், அந்த மருந்து பிறந்த நம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டில் புற்றுநோய் ஆய்வகத்தைப் பற்றியே பேசினோம். விஸ்கான்சின்காரரான மைக்கேல் மெக்கார்டில் சிகாகோவில் வழக்கறிஞர், புற்றுநோயால் இறந்தவர். அவர் உயிலில் எழுதிவைத்த பணம்தான் 1940-ல் அந்த ஆய்வகம் எழ வழிசெய்தது. ஹெரால்ட் ரஷ் முதல் இயக்குநர்.

மருந்தின் கதை அங்கே ஆய்வு செய்த சார்ல்ஸ் ஹைடல்பெர்கருடையது. மரபுப்பொருளைக் கட்ட உதவும் யுராசில் என்ற பொருளைக் கட்டி செல்கள் அதிகமாக இழுத்துக்கொள்வது எலிகளில் தெரிந்திருந்தது. அதில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குப் பதில் ஃப்ளூரின் அணுவை வைத்தார்கள். செல் ஏமாந்து உள்ளே எடுக்கும், டி.என்.ஏ.வுக்கான தைமிடின் கூறைத் தயாரிக்கும் நொதி அதில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். 1957-ல் அறிவிக்கப்பட்ட அந்த மருந்து இன்றும் அந்த பம்ப்பில் ஓடுகிறது. நல்ல செல்களையும் அது விடுவதில்லை. வாய்ப்புண்ணால் நம் உறுப்பினர் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் தவித்ததை நாம் பார்த்தோம்.

ஹோவர்ட் டெமினின் கதையை இளைஞர்கள் சொன்னார்கள். அதே ஆய்வகத்துக்கு 1960-ல் வந்தவருக்குக் கிடைத்தது அடித்தள அறைகள். செல் வளர்க்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும் குழி, பக்கத்தில் கட்டடம் முழுவதற்குமான நீராவிக் குழாய்கள். மரபுத் தகவலை டி.என்.ஏ.வில் இல்லாமல் ஆர்.என்.ஏ.வில் வைத்திருக்கும் சில வைரஸ்களில் ஒன்று தன்னை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதிக்கொள்கிறது என்று அவர் சொன்னதைப் பல வருடம் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1970-ல் சடோஷி மிசுடானியோடு அப்படி மாற்றி எழுதும் நொதியையே காட்டினார். டேவிட் பால்டிமோரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். 1975-ல் நோபெல் பரிசு. புகைப்பழக்கத்தை விடாமல் எதிர்த்தவர், புகைக்காதவர்; 1994-ல் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

மெண்டோட்டா ஏரிக்கரையில் டெமினின் பெயர் தாங்கிய பாதையில் அக்டோபரில் நடந்தோம். நம் உறுப்பினரும் வந்தார். பாதி தூரத்தில் மூச்சு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பனியில் கார் கிளம்பவில்லை. பம்ப் தீர்ந்து ஒலி எழுப்ப, அவர் இரண்டு மணி நேரம் வீட்டில் காத்திருந்தார். மாற்று ஆளை எழுதிவைக்காதது என் தவறு. மன்னிப்புக் கேட்டேன்; இங்கும் கேட்கிறேன்.

இன்னும் நான்கு சுற்று சிகிச்சை பாக்கி. திங்கட்கிழமைக்கு ஆள் இருக்கிறார்கள். புதன்கிழமைக்கு இருவர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.