சீற் தூசும் நெஞ்சு நோவும்

ஆசிரியருக்கு,

போர் முடிந்து ஊர் திரும்பியபோது, வன்னியில் உடைந்து கிடந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளை வெறுங்கையால்தான் அள்ளிக் குவித்தோம். மிச்சத் துண்டுகள் இன்றும் கோழிக்கூடுகளுக்கு மேல் கிடக்கின்றன. அதன் தூசைச் சுவாசித்தவர்களுக்கு, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் வரலாம். மூச்சிளைப்பு, விடாத இருமல், நெஞ்சு நோவு, காரணமின்றி உடம்பு மெலிதல், நெஞ்சில் நீர் கட்டுதல் எல்லாம் அறிகுறிகள். சிலருக்கு வயிறும் வீங்கும். சயரோகம் என்று நினைக்கவும் இடமுண்டு. ஆகவே கூரை வேலை செய்த ஐயாமாரே, வைத்தியர் கேட்காவிட்டாலும் "நான் சீற் அறுத்து வேலை செய்தனான்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். இனிமேல் பழைய சீற்றைக் கழற்றுவதானால் நனைத்துவிட்டு, உடைக்காமல் இறக்குங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

வாசகர்,
கிளிநொச்சி