உன் மகள் எடுக்க நினைப்பது நல்ல படிப்புதான்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். கல்லூரியில் பருவத்தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கயல் ஆப்பிரிக்க அரசியலை ஆராயப்போகிறேன் என்கிறாளாம், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறாய். வேலைதான். அவளிடம் கிளாட் ஆகே என்ற அரசியல் அறிஞரைப் பற்றிச் சொல்.

1939-இல் நைஜீரியாவின் ஓமோகுவில் பிறந்தவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கனடா, நைரோபி, தார் எஸ் சலாம் என்று பல இடங்களில் பாடம் நடத்தினார். வெளிநாட்டிலேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் எண்ணெய் வளமும் வறுமையும் சேர்ந்தே கிடக்கும் நைஜீரியாவின் நைஜர் டெல்டாவுக்குத் திரும்பி, 1991-இல் அங்குள்ள போர்ட் ஹார்கோர்ட் நகரில் சமூக அறிவியல் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்.

ஆப்பிரிக்காவில் வளர்ச்சித் திட்டங்கள் தோற்றுவிட்டன என்று எல்லோரும் பேசியபோது, ஆள்பவர்கள் வளர்ச்சியை நினைத்தே பார்க்கவில்லை என்றார் ஆகே. மக்களை அடக்கி வளத்தை உறிஞ்சக் கட்டப்பட்டது காலனி அரசு. விடுதலைக்குப் பின் ஆட்கள்தான் மாறினார்கள், அரசின் குணம் மாறவில்லை. அரசைப் பிடித்தவனுக்கு எல்லாம் உண்டு, இழந்தவனுக்கு உயிருக்கே உத்தரவாதம் இல்லை. அப்படியிருக்க, நாற்காலியைக் காப்பதற்கே பொழுது போதாதவர்கள் ஊரை எங்கே வளர்ப்பார்கள்? பல கட்சித் தேர்தல் மட்டும் வந்தால், தங்களை ஒடுக்கப்போவது யார் என்று மக்கள் தேர்ந்தெடுப்பதாகவே அது முடியும் என்றும் எச்சரித்தார். கிராமத்து மக்களுக்குப் படிப்பும் மருத்துவமும் முடிவெடுப்பதில் உண்மையான பங்கும் வேண்டும் என்பது அவர் வாதம்.

இவ்வளவும் எழுதியவர், சோதனை வந்தபோது எழுதியபடியே நடந்தார். டெல்டாவின் சுற்றுச்சூழலை ஆராய ஷெல் எண்ணெய் நிறுவனம் முன்னின்று ஏற்படுத்திய குழுவில் அவரும் இருந்தார். 1995 நவம்பர் 10-இல், எண்ணெய் மாசை எதிர்த்துப் போராடிய ஓகோனி இன எழுத்தாளர் கென் சரோ விவாவையும் எட்டுப் பேரையும் நைஜீரியாவை ஆண்ட அபாச்சாவின் ராணுவ அரசு தூக்கிலிட்டது. போர்ட் ஹார்கோர்ட்டிலேயேதான் அது நடந்தது. அதைக் கண்டித்து ஆகே குழுவிலிருந்து விலகினார். ராணுவ ஆட்சியில் அது சாதாரணத் துணிச்சல் இல்லையப்பா.

அடுத்த ஆண்டு நவம்பரில், லாகோஸுக்குப் போன விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 57.

தேர்தலை அவர் கொஞ்சம் குறைத்து எடைபோட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கானாவில் 2000 தேர்தலுக்குப் பின் ஆட்சி அமைதியாக எதிர்க்கட்சிக்குக் கைமாறியது. 2015-இல் நைஜீரியாவிலேயே, பதவியில் இருந்த அதிபர் ஜொனாதன் தோல்வியை ஏற்றுக்கொண்டு, வென்ற புஹாரியைத் தொலைபேசியில் வாழ்த்தினார். இதெல்லாம் சின்ன விஷயமா? ஆனால் டெல்டாவின் எண்ணெய்க் கறை அதனால் போய்விடவில்லையே என்று ஆகே கேட்டிருந்தால், என்னிடம் பதில் இல்லை.

கயல் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசை. என்னிடமுள்ள அவருடைய நூல்களை அடுத்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். படித்துவிட்டு எனக்கே நேரடியாக எழுதச் சொல். அப்புறம், பிரெஞ்சோ சுவாஹிலியோ ஏதாவது ஒன்றை இப்போதே கற்க ஆரம்பிக்கட்டும். செலவைப் பார்த்துத் தயங்காதே.

அன்புடன்,
ராகவன்